மடிக்கணினி தொடக்கச் சிக்கல்கள்

மடிக்கணினி தொடக்கச் சிக்கல்கள் என்பன, பவர் பொத்தானை அழுத்தியது முதல் பயனர் தம் பணியைத் தொடங்கக்கூடிய நிலை வரும் வரை, மடிக்கணினியின் இயக்கம் இடையில் தடைப்படுவதால் தோன்றும் பழுதுகளாகும். கணினி சற்றும் இயங்காதிருத்தல், விளக்கு எரிந்தும் திரை இருண்டிருத்தல், தயாரிப்பு நிறுவனத்தின் சின்னத்துடன் நின்றுவிடுதல், இயக்குதளம் கிடைக்கவில்லை என்ற செய்தி தோன்றுதல், மீண்டும் மீண்டும் தானாகவே மறுதொடக்கம் ஆதல் ஆகியன இவற்றுள் பரவலாகக் காணப்படுபவை. மின்னேற்றி, மின்கலம், நினைவகம், வன்தட்டு முதலிய வன்பொருட்களின் பழுதும், இயக்குதளக் கோப்புகளின் சிதைவு, பிழையான இற்றைப்படுத்தல், தீநிரல் முதலிய மென்பொருட் காரணங்களும் இவற்றுக்கு அடிப்படையாக அமைகின்றன.

வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இச்சிக்கல்களைப் பிரித்தறிய, தொடக்கம் எந்தப் படியில் நின்றது என்பதைக் கண்டறிவதே முதன்மையான வழியாகும். கணினி ஒரு குறிப்பிட்ட படி வரை வந்துவிட்டது எனின், அதற்கு முந்தைய படிகளில் பங்குபெறும் உறுப்புகள் பெரும்பாலும் சீராக உள்ளன என்று கொள்ளலாம். இதற்கு இணையான மற்றொரு கோட்பாடும் உண்டு. கணினியை இயங்கச்செய்வதும் அதிலுள்ள கோப்புகளைக் காப்பதும் இருவேறு பணிகளாகும். பழுதுபட்ட உறுப்பைப் புதிதாக வாங்கிவிடலாம். காப்பு நகல் இல்லாத ஆய்வேட்டையோ குடும்பப் படங்களையோ அவ்வாறு வாங்க இயலாது. சில பழுதுநீக்க முறைகள் கணினியை மீட்டுத் தந்து கோப்புகளை அழித்துவிடக்கூடும் என்பதால், எந்த முறையை எப்போது கையாள்வது என்பது முக்கியமானது.

தொடக்கத்தின் படிநிலைகள்

இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியைக் கொண்டு விண்டோஸ் அல்லது லினக்சு இயக்குதளத்தில் இயங்கும் மடிக்கணினி ஒன்றின் தொடக்கத்தைப் பின்வரும் ஐந்து படிகளாகப் பிரிக்கலாம்.

1. மின்வழங்கல்: தாய்ப்பலகையில் உள்ள உட்பொதி கட்டுப்படுத்தி என்னும் சிறு சில்லு, பவர் பொத்தான் அழுத்தப்பட்டதை உணர்ந்து, செயலி, நினைவகம் முதலியவற்றுக்குரிய மின்னழுத்தங்களை வரிசைப்படி வழங்கச்செய்கின்றது. மின்கலத்துக்கு மின்னேற்றுவதையும் விசிறியின் வேகத்தையும் பெரும்பாலும் இதுவே கவனிக்கின்றது.

2. தற்சோதனை: செயலி முதலில் நிறைவேற்றும் கட்டளைகள் வன்தட்டில் இருப்பவை அல்ல. தாய்ப்பலகையின் ஃபிளாஷ் நினைவகச் சில்லில் பதிக்கப்பட்டுள்ள நிலைபொருளில் இருந்தே அவை பெறப்படுகின்றன. பயாஸ் என்றும், அதன் வழித்தோன்றலான யுஇஎஃப்ஐ என்றும் வழங்கும் இந்நிலைபொருள், நினைவகம், திரை, விசைப்பலகை முதலியவற்றைச் சோதித்து ஆயத்தப்படுத்துகின்றது.

3. தொடக்கச் சாதனத் தேர்வு: இயக்குதளத்தை வன்தட்டில் இருந்து பெறுவதா, யூ.எஸ்.பி நினைவகத்தில் இருந்து பெறுவதா, வலையமைப்பில் இருந்து பெறுவதா என்பதை நிலைபொருள் தன்னிடமுள்ள வரிசைப் பட்டியலின்படி முடிவுசெய்கின்றது.

4. தொடக்க ஏற்றி: தேர்ந்தெடுக்கப்பட்ட சாதனத்தில் உள்ள சிறு நிரல் ஒன்று நினைவகத்துக்குக் கொண்டுவரப்படுகின்றது. விண்டோஸ் கணினிகளில் விண்டோஸ் பூட் மேனேஜரும், பெரும்பாலான லினக்சு வழங்கல்களில் கிரப் என்பதும் இப்பணியைச் செய்கின்றன.

5. கருனியும் சேவைகளும்: தொடக்க ஏற்றி இயக்குதளத்தின் கருனியை ஏற்றுகின்றது. கருனி வன்பொருள் இயக்கிகளை ஏற்றிப் பின்னணிச் சேவைகளைத் தொடங்கிய பின்னர், உள்நுழைவுத் திரையும் அதனைத் தொடர்ந்து பணித்திரையும் தோன்றுகின்றன.

வரலாறு

கணினித் தொடக்கத்தைக் குறிக்கும் பூட் என்னும் ஆங்கிலச் சொல், பூட்ஸ்டிராப் என்பதன் சுருக்கமாகும். இது நீள்காலணியை இழுத்து அணிவதற்காக அதில் தைக்கப்பட்டிருக்கும் வாரைக் குறிக்கும். ஒருவர் தம் காலணியின் வாரைப் பிடித்துத் தம்மையே மேலே தூக்கிக்கொள்வது போல, ஒரு நிரலை ஏற்றுவதற்கு மற்றொரு நிரல் தேவைப்படும் கணினி, தன்னைத்தானே இயங்கச்செய்து கொள்வதால் இப்பெயர் ஏற்பட்டது.

1981 இல் வெளியான ஐபிஎம் தனிமேசைக் கணினியின் பயாஸ், பின்னாளில் வந்த பெரும்பாலான தனியாள் கணினிகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது. இம்முறையில் வட்டின் முதல் 512 பைட்டுகளில் உள்ள நிரல் துண்டே தொடக்கத்தின் வாயிலாக இருந்தது. அச்சிறு பகுதி சிதைந்தாலும், வட்டில் உள்ள ஏனைய கோப்புகள் யாவும் நலமாக இருந்தும், கணினி தொடங்காது. 1980களிலும் 1990களிலும் பரவிய தொடக்கப்பகுதி நச்சுநிரல்கள் இவ்விடத்தையே தாக்கின. சிஐஎச் என்னும் நச்சுநிரல் 1999 ஏப்ரல் 26 அன்று வெளிப்பட்டு, வட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில கணினிகளில் பயாஸ் சில்லின் உள்ளடக்கத்தையும் அழித்தது. அவ்வாறு பாதிக்கப்பட்ட கணினிகளில் சில்லை மாற்றவோ மீண்டும் எழுதவோ வேண்டியிருந்தது.

1990களின் இறுதியில் இன்டெல் நிறுவனம் உருவாக்கிய இஎஃப்ஐ, 2005 இல் பல நிறுவனங்கள் இணைந்த மன்றம் ஒன்றின் பொறுப்புக்கு வந்து யுஇஎஃப்ஐ எனப் பெயர்பெற்றது. இம்முறையில் தொடக்க ஏற்றி, வட்டின் தனிப்பிரிவு ஒன்றில் வழமையான கோப்பாகவே வைக்கப்படுகின்றது. 2012 இல் வெளியான விண்டோஸ் 8 உடன், கையொப்பமிடப்பட்ட ஏற்றிகளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் என்னும் பாதுகாப்புத் தொடக்கமும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்னும் விரைவுத் தொடக்கமும் பரவலாயின. விரைவுத் தொடக்கம் செயற்பாட்டில் இருக்கும் கணினியை அணைக்கும்போது கருனியின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே மீட்டெடுக்கப்படுகின்றது. எனவே இத்தகைய கணினிகளில் அணைத்து மீண்டும் இயக்குவதை விட, மறுதொடக்கம் என்னும் தெரிவே முழுமையான புதிய தொடக்கத்தைத் தரும்.

சிக்கலை இனங்காணல்

மின்சாரம் வராத நிலை

பொத்தானை அழுத்தியும் விளக்கோ விசிறியோ இயங்காவிடின், சிக்கல் முதற்படியில் உள்ளது. இந்நிலையில் இயக்குதளத்தை ஐயுறுவதற்கு இடமில்லை. சுவரில் உள்ள மின்செருகியில் வேறொரு கருவியைப் பொருத்திப் பார்த்தல், மின்னேற்றியின் வடம் மடிந்தோ வெடித்தோ உள்ளதா எனப் பார்த்தல், இயலுமாயின் அதே அளவுடைய மற்றொரு மின்னேற்றியைக் கொண்டு சோதித்தல் ஆகியன முதற்பணிகளாகும். யூ.எஸ்.பி-சி துளை வழியாக மின்னேற்றும் மடிக்கணினிகள் பலவற்றுக்கு 45 அல்லது 65 வாட் திறன் தேவைப்படும். வடிவத்தில் ஒத்திருந்தாலும் கைப்பேசிக்குரிய சிறிய மின்னேற்றி இதற்குப் போதாது.

மின்னேற்றி சீராக இருப்பின், எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்றும் முறை கையாளப்படுகின்றது. மின்னேற்றியையும் பிற இணைப்புகளையும் அகற்றி, கழற்றக்கூடிய மின்கலமாயின் அதனையும் கழற்றி, பவர் பொத்தானை ஏறத்தாழ 30 நொடிகள் அழுத்திப் பிடித்து, பின்னர் மின்னேற்றியை மட்டும் இணைத்து இயக்கிப் பார்க்கவேண்டும். உட்பொதி கட்டுப்படுத்தி உறைந்துபோயிருப்பின் இதனால் அது மீண்டும் தொடக்கநிலைக்கு வரும். கோப்புகளுக்கு இதனால் தீங்கில்லை. மின்கலம் கழற்ற இயலாத சில மாதிரிகளில் இதற்கென அடிப்புறத்தில் ஊசித்துளை ஒன்று அமைக்கப்பட்டுள்ளது.

அடிமூடி உப்பியிருத்தல், தொடுபலகை மேலெழும்பியிருத்தல், கணினி மேசையில் சமமாக அமராதிருத்தல் ஆகியன லித்தியம் அயனி மின்கலம் வீங்கியிருப்பதன் அறிகுறிகளாகும். அத்தகைய கணினிக்கு மின்னேற்றக் கூடாது. வீங்கிய மின்கலத்தை அழுத்துவதோ குத்துவதோ தீப்பற்றுதலுக்கு வழிவகுக்கும்.

விளக்கு எரிந்தும் திரை இருண்ட நிலை

விசிறி சுழன்றும் திரையில் எதுவும் தோன்றாவிடின், பழுது திரையிலா அல்லது தற்சோதனையிலா என்பதைப் பிரித்தறிய வேண்டும். விசைப்பலகையின் கேப்ஸ் லாக் விசையை அழுத்தும்போது அதன் விளக்கு எரிந்து அணையுமாயின், கணினி உள்ளே இயங்குகின்றது என்று பொருள். இருண்ட திரையின் மீது கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சும்போது மங்கலான எழுத்துகள் தெரியுமாயின், திரையின் பின்னொளி மட்டுமே பழுதாகியுள்ளது. எச்டிஎம்ஐ வடம் வழியாக வெளித்திரை அல்லது தொலைக்காட்சியை இணைக்கும்போது படம் தெரியுமாயின், மடிக்கணினியின் திரையோ அதன் வடமோ பழுதாகியுள்ளது. இவ்விரு நிலைகளிலும் கோப்புகளை வெளித்திரையின் துணைகொண்டு உடனே நகலெடுத்துக்கொள்ள இயலும்.

வெளித்திரையிலும் எதுவும் தோன்றாவிடின், தற்சோதனை தோல்வியடைந்திருக்கலாம். இதற்கு அடிக்கடி காரணமாக அமைவது நினைவகமாகும். நினைவகப் பலகைகளைக் கழற்றக்கூடிய மாதிரிகளில், மின்சாரத்தையும் மின்கலத்தையும் துண்டித்த பின்னர் அவற்றை எடுத்து, தொடுமுனைகளைத் துடைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதிக்கலாம். ஒரு பலகையுடன் தொடங்கி மற்றொன்றுடன் தொடங்காவிடின் பழுதான பலகை எது என்பது தெளிவாகும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் இச்சோதனை இயலாது. டிடிஆர்5 வகை நினைவகத்தைப் புதிதாகப் பொருத்திய பின்னர் வரும் முதல் தொடக்கம் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். அவ்வேளையில் திரை இருண்டிருப்பது பழுதன்று.

திரை இல்லாத நிலையில் பழுதைத் தெரிவிப்பதற்காகவே ஒலிக்குறிகளும் ஒளிக்குறிகளும் அமைக்கப்பட்டுள்ளன. டெல் மடிக்கணினிகளில் விளக்கு மஞ்சளாகவும் வெண்மையாகவும் மாறிமாறி மின்னும். எச்பி மடிக்கணினிகளில் கேப்ஸ் லாக் விளக்கு மின்னும். மின்னும் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, அம்மாதிரிக்குரிய கையேட்டில் பொருளைக் காணவேண்டும். ஒரு மாதிரிக்குரிய குறியீடு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

நிறுவனச் சின்னத்துடன் நிற்கும் நிலை

சின்னம் தோன்றியதெனில் செயலி, நினைவகம், திரை ஆகியன இயங்குகின்றன. இணைக்கப்பட்டுள்ள யூ.எஸ்.பி சாதனங்கள், நினைவக அட்டைகள், அச்சுப்பொறி ஆகியவற்றை அகற்றி மீண்டும் முயல்வது முதல் வழியாகும். அதன் பின்னரும் நின்றால், நிலைபொருளின் அமைப்புத் திரைக்குள் செல்ல முயலவேண்டும். நிறுவனத்தைப் பொறுத்து எஃப்2, எஃப்10, எஸ்கேப், டெலீட் ஆகிய விசைகளுள் ஒன்று இதற்குப் பயன்படும். வன்தட்டு இணைந்திருக்கும்போது அமைப்புத் திரைக்குள் செல்ல இயலாமல், அதனைக் கழற்றியதும் செல்ல இயலுமாயின், வன்தட்டே பழுதுக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி.

ஒவ்வொரு முறையும் நாளும் நேரமும் பழைய ஆண்டுக்குத் திரும்புமாயின், தாய்ப்பலகையில் உள்ள 3 வோல்ட் நாணய மின்கலம் தீர்ந்திருக்கலாம். விலை குறைந்த இம்மின்கலத்தின் தீர்வு, பல மாதிரிகளில் அமைப்புகள் தொலைந்து தொடக்கம் தடைப்படுவதற்குக் காரணமாகின்றது.

தொடக்கச் சாதனம் கிடைக்காத நிலை

தொடக்கத்துக்குரிய சாதனம் இல்லை என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி தோன்றுமாயின், அமைப்புத் திரையில் வன்தட்டின் பெயர் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கவேண்டும். இதன் விடை சிக்கலை இரண்டாகப் பிரிக்கின்றது.

பெயர் இல்லையெனில், இணைப்பு தளர்ந்திருக்கலாம் அல்லது வட்டு செயலிழந்திருக்கலாம். தட்டுகள் சுழலும் வன்தட்டில் இருந்து சீரான இடைவெளியில் கிளிக் என்ற ஒலி எழுமாயின், அதன் படிப்புமுனை பழுதடைந்திருக்கக்கூடும். அந்நிலையில் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது தட்டுகளின் மேற்பரப்பைச் சேதப்படுத்தி, மீட்கக்கூடிய கோப்புகளையும் மீட்க இயலாதவாறு செய்துவிடும். எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை வட்டுகள் ஒலி ஏதும் எழுப்புவதில்லை. முன்னறிகுறி இன்றியே செயலிழக்கவும் கூடும்.

பெயர் இருப்பின், தொடக்க ஏற்றியோ அதற்கான குறிப்போ சிதைந்திருக்கலாம். அல்லது தொடக்க வரிசை மாறியிருக்கலாம். நிலைபொருளின் அமைப்புகளை இயல்புநிலைக்கு மீட்டும்போது பழைய பயாஸ் முறைக்கும் யுஇஎஃப்ஐ முறைக்கும் இடையிலான தெரிவோ, வட்டுக் கட்டுப்படுத்தியின் முறையோ மாறிவிடுவதும் உண்டு. இம்மாற்றத்தைத் திருத்தினாலே கணினி தொடங்கிவிடும் என்பதால், எதனையும் மாற்றுவதற்கு முன் அமைப்புத் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது பயனுடையது.

ஒரே கணினியில் விண்டோசும் லினக்சும் நிறுவப்பட்டிருக்கும்போது இவ்வகைச் சிக்கல் அடிக்கடி நேர்கின்றது. தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கப்பட்ட மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளிலும் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இடம்பெற்றது. இத்தகைய இரட்டை நிறுவலில், லினக்சுப் பிரிவு தேவையில்லை எனக் கருதி அழிக்கும்போது கிரப் ஏற்றியின் கோப்புகளும் உடன் அழிந்து, விண்டோசும் தொடங்காமல் போகலாம். விண்டோஸ் கோப்புகளுக்கு இதனால் கேடு நேர்வதில்லை. அதன் தொடக்க ஏற்றியை மீண்டும் எழுதினால் போதுமானது. 2024 ஆகத்து மாதத்தில் வெளியான விண்டோஸ் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் ஒன்றின் பின்னர், இரட்டை நிறுவல் கொண்ட கணினிகள் பலவற்றில் லினக்சு தொடங்க மறுத்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இயக்குதளம் ஏறும்போது நிற்கும் நிலை

விண்டோஸ் சின்னம் தோன்றிய பின்னர் பிழைத்திரை வருவதும், மறுதொடக்கச் சுழலில் சிக்குவதும் ஐந்தாம் படிக்குரியவை. நெடுங்காலம் நீலநிறத்தில் இருந்த இப்பிழைத்திரை, 2025 இல் விண்டோஸ் 11 இல் கருப்பாக மாற்றப்பட்டது. திரையில் தோன்றும் பிழைப்பெயரையும் கோப்புப் பெயரையும் குறித்துக்கொள்வது காரணத்தை அறிய உதவும்.

விண்டோஸ் தொடர்ந்து சில முறை தொடங்கத் தவறுமாயின், மீட்புச் சூழல் தானாகவே தோன்றும். அதிலுள்ள தெரிவுகளைக் கோப்புகளுக்குத் தீங்கு குறைந்தவற்றில் இருந்து தொடங்கி வரிசையாகக் கையாளவேண்டும்.

1. தொடக்கப் பழுதுநீக்கம்.
2. அண்மையில் நிறுவிய இற்றைப்படுத்தலை நீக்குதல்.
3. சேஃப் மோட் எனப்படும் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, புதிதாக நிறுவிய இயக்கியையோ மென்பொருளையோ அகற்றுதல்.
4. முன்பே சேமிக்கப்பட்ட மீட்புப் புள்ளிக்குத் திரும்புதல். இதனால் சொந்தக் கோப்புகள் அழிவதில்லை. அதன் பின் நிறுவிய மென்பொருட்கள் நீங்கும்.
5. கணினியை மீளமைத்தல். இதில் கோப்புகளை வைத்துக்கொள்ளல், அனைத்தையும் நீக்கல் என்னும் இரு தெரிவுகள் உள்ளன. இரண்டாவதைத் தேர்ந்தால் கோப்புகள் அனைத்தும் அழியும்.

லினக்சில், கிரப் பட்டியலின் மேம்பட்ட தெரிவுகளில் பழைய கருனியைத் தேர்ந்து தொடங்கலாம். அது சீராகத் தொடங்குமாயின் புதிய கருனியோ அதற்குரிய இயக்கியோ தான் சிக்கலுக்குக் காரணமாகும். வட்டு முழுவதும் நிரம்பியிருப்பதும் உள்நுழைவுத் திரை தோன்றாமைக்கு ஒரு காரணமாகும்.

உள்நுழைவுக்குப் பின் இருண்ட திரை

கடவுச்சொல்லை ஏற்ற பின்னர் சுட்டியின் குறி மட்டும் தெரிந்து திரை இருண்டிருப்பின், திரை இயக்கியையோ பணித்திரை நிரலையோ ஐயுறலாம். விண்டோசில் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்திப் பணிமேலாளரைத் திறந்து, பணித்திரை நிரலை மீண்டும் இயக்கலாம். பயன்படாவிடின், பாதுகாப்பு நிலையில் தொடங்கித் திரை இயக்கியை நீக்கி மீண்டும் நிறுவலாம்.

கோப்புகளைக் காத்தல்

மேற்கண்ட முறைகளில் நான்காம், ஐந்தாம் படிகளுக்குரிய திருத்தங்கள் வட்டில் எழுதுவனவாகும். வட்டே பழுதடைந்து வரும் நிலையில் அதில் எழுதுவது இழப்பைப் பெரிதாக்கும். எனவே வட்டு ஐயத்துக்குரியதாக இருப்பின், முதலில் நகல், பின்னர் பழுதுநீக்கம் என்னும் வரிசையே பின்பற்றப்படுகின்றது. கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் நிரல்களையும் நகலெடுத்த பின்னரே இயக்கவேண்டும்.

இதற்கு எளிய வழி, மற்றொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்சு வழங்கல் ஒன்றை யூ.எஸ்.பி நினைவகத்தில் ஆயத்தம் செய்து, நிறுவாமலே அதிலிருந்து மடிக்கணினியைத் தொடங்குவதாகும். இம்முறையில் வட்டில் எதுவும் எழுதப்படாது. கோப்புகள் தெரியுமாயின் அவற்றை வெளிவட்டுக்கு நகலெடுக்கலாம். நகலெடுக்கும்போது பிழைகள் தோன்றுமாயின், குனூ டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற மென்பொருளால் வட்டு முழுவதையும் படிமமாக எடுத்து, பின்னர் அப்படிமத்தில் இருந்து கோப்புகளைத் தேடுவர். இம்மென்பொருள் முதலில் எளிதாகப் படிக்க இயலும் பகுதிகளை எடுத்துவிட்டு, கடினமான பகுதிகளைப் பின்னர் முயல்வதால், பழுதான வட்டின் எஞ்சிய ஆயுள் வீணாவதில்லை. பிரிவுப் பட்டியல் அழிந்திருப்பின் டெஸ்ட்டிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருள் பயன்படும்.

வட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி உறை ஒன்றில் பொருத்தி வேறு கணினியில் படிப்பது மற்றொரு வழியாகும். தாய்ப்பலகை செயலிழந்த கணினிகளிலும் இதனால் கோப்புகளை மீட்கலாம். சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ள மாதிரிகளில் இவ்வழி இல்லை.

மறைகுறியாக்கமும் மீட்புச் சாவியும்

விண்டோசின் பிட்லாக்கர், மேக் கணினிகளின் ஃபைல்வால்ட் போன்ற மறைகுறியாக்க முறைகள், திருடப்பட்ட கணினியில் இருந்து கோப்புகளைப் பிறர் படிக்காமல் தடுக்கின்றன. அதே காரணத்தால், மீட்புச் சாவி இல்லாத உரிமையாளரும் பழுதான கணினியின் கோப்புகளைப் படிக்க இயலாது. பிட்லாக்கரின் மீட்புச் சாவி 48 இலக்கங்களைக் கொண்டது. நிலைபொருளை இற்றைப்படுத்திய பின்னரோ, தாய்ப்பலகையை மாற்றிய பின்னரோ, பாதுகாப்புத் தொடக்கத்தின் அமைப்பை மாற்றிய பின்னரோ கணினி இச்சாவியைக் கேட்கலாம்.

2024 இல் வெளியான விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் கணக்குடன் புதிதாக அமைக்கப்படும் கணினிகளில் மறைகுறியாக்கம் இயல்பாகவே செயற்படத் தொடங்குகின்றது. இதனால் தம் வட்டு மறைகுறியாக்கப்பட்டுள்ளது என்பதை அறியாமலே பலர் அதனைப் பயன்படுத்த நேர்கின்றது. இத்தகைய கணினிகளின் சாவி வழக்கமாக உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்படுகின்றது. கைப்பேசியின் உலாவி வழியாகவும் அதனைப் பெறலாம். அக்கணக்கின் கடவுச்சொல்லை மறந்து, அதனுடன் இணைத்த தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டவர்கள் தம் கோப்புகளை நிலையாக இழக்கும் நிலை ஏற்படும்.

2024 சூலை நிகழ்வு

தொடக்கச் சிக்கல் ஒன்று உலகளவில் நிகழ்ந்ததற்கு 2024 சூலை 19 அன்று நேர்ந்த கணினி முடக்கம் சான்றாகும். கிரவுட்ஸ்டிரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் விண்டோஸ் கணினிகளுக்கு அனுப்பிய உள்ளடக்கக் கோப்பு ஒன்றில் பிழை இருந்தது. அந்நிறுவன மென்பொருளின் ஒரு பகுதி 21 உள்ளீடுகளை எதிர்பார்க்க, 20 மட்டுமே வழங்கப்பட்டதால், நிரல் தனக்கு உரியதல்லாத நினைவகப் பகுதியைப் படிக்க முயன்றது. இம்மென்பொருள் கருனியின் மட்டத்தில் இயங்குவதாலும், தொடக்கத்தின்போதே ஏற்றப்படுவதாலும், கணினிகள் நீலத்திரைக்குச் சென்று, மறுதொடக்கம் ஆகி, மீண்டும் அதே இடத்தில் வீழ்ந்தன.

பிழையான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. எனினும் அதற்குள் அதனைப் பெற்றுவிட்ட கணினிகள் பல, வலையமைப்புடன் இணையும் நிலைக்கு வரும் முன்பே வீழ்ந்ததால் திருத்தத்தைப் பெற இயலவில்லை. ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. வானூர்திச் சேவைகள், மருத்துவமனைகள், வங்கிகள் ஆகியன பாதிப்புற்றன. இந்திய வானூர்தி நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச்சீட்டுகள் வழங்கப்பட்டன.

இதற்கான தீர்வு எளிமையானது: பாதுகாப்பு நிலையில் தொடங்கி, அந்த ஒரு கோப்பை நீக்கினால் போதுமானது. ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு கணினியிடமும் ஒருவர் நேரில் சென்று இதனைச் செய்ய வேண்டியிருந்தது. வட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்த இடங்களில் ஒவ்வொன்றுக்கும் மீட்புச் சாவி தேவைப்பட்டது. தொடக்கச் சுழலில் சிக்கிய கணினியின் வன்பொருளும் கோப்புகளும் முற்றிலும் நலமாக இருக்கக்கூடும் என்பதையும், ஒற்றைக் கோப்பை நீக்குவதற்குப் பதிலாக அனைத்தையும் அழித்து மீள நிறுவுவது தேவையற்ற இழப்பாகும் என்பதையும் இந்நிகழ்வு காட்டுகின்றது.

பழுதுநீக்குநரிடம் ஒப்படைத்தல்

தாய்ப்பலகையின் பழுது, நீர் புகுந்த கணினி, ஒலியெழுப்பும் வன்தட்டு, வீங்கிய மின்கலம் ஆகியவற்றைப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே முறையாகும். நீர் சிந்திய கணினியை உடனே அணைத்து மின்னேற்றியை அகற்றவேண்டும்; உலர்ந்ததா என அறிய இடையிடையே இயக்கிப் பார்ப்பது மின்குறுக்குக்கு வழிவகுக்கும்.

ஃபார்மட் செய்தல் என்று பேச்சுவழக்கில் கூறப்படும் மீள நிறுவல், பழுதின் காரணத்தைத் தேடாமலே மென்பொருட் சிக்கல் பலவற்றைத் தீர்த்துவிடுவதால் பழுதுபார்ப்பகங்களில் பரவலாகக் கையாளப்படுகின்றது. கோப்புகள் தேவை எனின், அவற்றை நகலெடுக்கும் முன் வட்டை அழிக்கக் கூடாது என்பதை ஒப்படைக்கும்போதே தெளிவாகக் கூறி, எழுத்திலும் பெறுவது நன்று. தொடக்கம் நின்ற படி, திரையில் தோன்றிய செய்தியின் படம், ஒளிக்குறிகளின் எண்ணிக்கை, சிக்கலுக்கு முன் செய்த மாற்றம் ஆகியவற்றைக் குறித்துக் கொடுப்பது சோதனையை விரைவுபடுத்தும்.

முன்னெச்சரிக்கைகள்

• முக்கியமான கோப்புகளுக்கு மூன்று நகல்கள், இருவகை ஊடகங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்னும் 3-2-1 முறையைப் பின்பற்றுதல். ஒரே வட்டின் மற்றொரு பிரிவில் வைக்கும் நகல் காப்பு நகல் ஆகாது.
• மறைகுறியாக்கத்தின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, கணினியுடன் சேராத இடத்தில் வைத்தல்.
• கணினி நலமாக இருக்கும்போதே மீட்பு யூ.எஸ்.பி நினைவகம் ஒன்றை ஆயத்தம் செய்தல்.
• நிலைபொருளை இற்றைப்படுத்தும்போது மின்னேற்றியை இணைத்திருத்தல். முடியும் வரை அணைக்காதிருத்தல்.
• வட்டின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் அறிக்கையை அவ்வப்போது பார்த்தல். அறிக்கை நலம் எனக் கூறினும் வட்டு பழுதாகக்கூடும் என்பதால், இது காப்பு நகலுக்கு மாற்றாகாது.
• மின்வெட்டு மிகுந்த இடங்களில், மின்கலம் தேய்ந்த மடிக்கணினியை மின்னேற்றியை மட்டும் நம்பி இயக்குவதைத் தவிர்த்தல். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்பு முறைமை சிதையக்கூடும்.

இவற்றையும் பார்க்க

• மடிக்கணினி
• தாய்ப்பலகை
• வன்தட்டு
• இயக்குதளம்
• கருனி
• மறைகுறியாக்கம்